மாட்டுச் சந்தைக்கு முதல்முறை போகிறவர்களுக்கு: துண்டுக்குள் விலையும் சுழிக் கணக்கும்

மாட்டுச் சந்தையில் முதல்நாள் நிற்கிறவருக்கு இரண்டு விஷயம் புரியாது. சுற்றிலும் பேரம் நடந்துகொண்டிருக்கும், ஆனால் ஒருவர் வாயிலிருந்தும் விலை வராது. மாடு எத்தனை லிட்டர் கறக்கும் என்று கேட்டால் "சுழி சுத்தமான மாடுங்க" என்று பதில் வரும். முதலாவது வியாபார வழக்கம். இரண்டாவது, மாட்டின் உடம்பில் மயிர் சுழித்திருக்கும் இடத்தை வைத்து நல்லது கெட்டது பார்க்கும் நம்பிக்கை, அந்த நம்பிக்கைக்கும் சந்தையில் ஒரு விலை உண்டு. சுழியை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் இன்று விற்கிறவரும் நாளை உங்களிடம் வாங்கப்போகிறவரும் நம்புகிறார்கள் என்பதை மறந்து மாடு பிடித்தால் நட்டம் உங்களுக்குத்தான்.

வீட்டுக்கு ஒரு கறவை மாடு வாங்கப் போகிறவரை மனதில் வைத்து எழுதியது இது. உழவு மாடும் சல்லிக்கட்டுக் காளையும் வாங்குவோருக்குச் சுழிக் கணக்கு இன்னும் கறார். அவர்கள் விஷயம் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொள்ளாமல் போக வேண்டாம்.

நாள், நேரம், திசை

பொள்ளாச்சியில் செவ்வாயும் வியாழனும் சந்தை. மணப்பாறையில் செவ்வாய் மாலையே மாடுகள் வந்து இறங்கத் தொடங்கும், வியாபாரம் புதன் வரை நடக்கும். ஈரோடு கருங்கல்பாளையத்தில் வியாழன். காங்கேயம் இனம் மட்டும் வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை பழையகோட்டைக்குப் போகலாம். ஆண்டுக்கு ஒருமுறை கூடும் பெரிய சந்தைகளில் சித்திரையில் கண்ணபுரமும் ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயிலும் முக்கியமானவை. ஆடியில் நல்ல காரியம் செய்யக் கூடாது, செவ்வாய்க்கிழமை எதையும் தொடங்கக் கூடாது என்று வீட்டில் சொல்வார்கள். சந்தை கூடும் நாளுக்கும் மாதத்துக்கும் அந்தத் தோஷம் ஒட்டாது என்பது எல்லாரும் பேசாமல் ஏற்றுக்கொண்ட ஏற்பாடு.

ஆனால் நேரம் பார்ப்பது அப்படியில்லை. பேரம் எந்த நேரமும் நடக்கும். அச்சாரம், அதாவது முன்பணம், கைமாறுவது மட்டும் ராகு காலத்திலும் எமகண்டத்திலும் நடக்காது. சந்தை நாள்களுக்கான கணக்கு இது:

செவ்வாய்: எமகண்டம் காலை 9 முதல் 10.30, ராகு காலம் மாலை 3 முதல் 4.30.
புதன்: எமகண்டம் காலை 7.30 முதல் 9, ராகு காலம் பகல் 12 முதல் 1.30.
வியாழன்: எமகண்டம் காலை 6 முதல் 7.30, ராகு காலம் பகல் 1.30 முதல் 3.
ஞாயிறு: எமகண்டம் பகல் 12 முதல் 1.30, ராகு காலம் மாலை 4.30 முதல் 6.

வியாழன் சந்தைக்கு இது நேராக உதைக்கும். நல்ல மாடுகள் விடிகாலையிலேயே கைமாறும். ஆகவே 6 மணிக்குள் முடித்துவிட வேண்டும் என்று விற்கிறவர் அவசரப்படுவார். "எமகண்டம் வருதுங்க, காச எடுங்க" என்று தரகர் நெருக்குவதில் பாதி நம்பிக்கை, பாதி தந்திரம். மாட்டை முழுசாகப் பார்த்து முடிக்கவில்லை என்றால் பதில் எளிது: "எமகண்டம் போகட்டுங்க, ஏழரைக்கு மேல குடுக்கறேன்." இதை யாரும் மறுத்துப் பேச முடியாது. அவர்களுடைய வழக்கமே உங்களுக்கு ஒன்றரை மணி நேரம் வாங்கித் தரும். அதற்குள் வெளிச்சமும் வந்துவிடும்.

மாட்டை வீட்டுக்கு ஓட்டிவரும் திசைக்குச் சூலம் பார்ப்பவர்கள் உண்டு. ஞாயிறும் வெள்ளியும் மேற்கே சூலம், திங்களும் சனியும் கிழக்கே, செவ்வாயும் புதனும் வடக்கே, வியாழன் தெற்கே. பரிகாரம் முறையே வெல்லம், தயிர், பால், நல்லெண்ணெய். புறப்படும் முன் அதில் கொஞ்சம் வாயில் வைத்துக்கொண்டால் போதும் என்பது வழக்கம். வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள் என்று தெரிந்தால் செய்துவிடுங்கள். காசு செலவில்லை.

கையில் எடுத்துப் போக வேண்டியவை: தோளில் ஒரு கெட்டித் துண்டு (அழகுக்கு அல்ல, பேரத்துக்கு), நான்கு மீட்டர் புதுப் பருத்திக் கயிறோ தேங்காய்நார்க் கயிறோ ஒன்று, டார்ச் லைட், பாலைப் பீய்ச்சிப் பார்க்க அகலமான கறுப்புத் தட்டோ கிண்ணமோ ஒன்று, நாலைந்து வெற்றிலை, கொட்டைப்பாக்கு, ஒரு ரூபாய் நாணயங்கள் சில. நைலான் கயிறு வேண்டாம், புதிய மாடு இழுத்தால் உங்கள் உள்ளங்கையையும் அறுக்கும், அதன் கழுத்தையும் அறுக்கும். அச்சாரப் பணத்தை ஒரு பையிலும் மீதியை இன்னொரு பையிலும் வையுங்கள். மொத்தக் கட்டையும் வெளியே எடுத்தால் துண்டுக்குள் என்ன பேசினாலும் பயனில்லை.

போணி நேரத்தில் விலை கேட்காதீர்கள்

பத்து மாடு கட்டியிருக்கும் வியாபாரிக்கு அன்றைய முதல் விற்பனைதான் போணி. முதலில் பேரம் பேசுகிறவர் வாங்காமல் போனால் அன்றைக்கு முழுக்க வியாபாரம் மந்தமாகும் என்று நம்புகிறவர்கள் சந்தையில் மிக அதிகம். அதனால் இருட்டோடு போய், வாங்கும் எண்ணமில்லாமல் விலை விசாரித்துத் திரும்பினால் முகம் சுளிப்பார்கள். பத்து மணிக்கு நீங்கள் உண்மையாகவே வாங்க வந்தாலும் சரியாகப் பேசமாட்டார்கள். முதல் சுற்றில் கண்ணால் மட்டும் பாருங்கள்.

இதையே உங்களுக்குச் சாதகமாகவும் திருப்பலாம். மாடு பிடித்துப்போய், கையில் காசும் இருந்தால், போணிக்குக் குறைத்துக் கொடுப்பார்கள். "போணி பண்ணுங்க" என்று அவரே சொல்லும் நேரம்தான் குறைத்துக் கேட்கச் சரியான நேரம்.

இன்னும் இரண்டு. வேறு இருவர் கை துண்டுக்குள் இருக்கும்போது அந்த மாட்டுக்குக் குறுக்கே விலை கேட்கக் கூடாது. சண்டையே வரும். கட்டியிருக்கும் மாட்டின் கயிற்றைத் தாண்டக் கூடாது. தாண்டுவது மரியாதைக் குறைவு என்பார்கள், அதோடு மாடு சட்டென்று தலையைத் தூக்கினால் கயிறு காலை வாரிவிடும்.

முதலில் பல், மடி

தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. காசு கொடுத்து வாங்குவதைப் பார்த்தே ஆக வேண்டும். இடது கையால் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து, வலது கை விரல்களைக் கடைவாய் ஓரமாக, பல் இல்லாத இடைவெளியில் நுழைத்துக் கீழுதட்டை இறக்குங்கள். மேல்தாடையின் முன்பக்கத்தில் மாட்டுக்குப் பல்லே கிடையாது. விழுந்துவிட்டது என்று பயந்து திரும்பிவந்த புதியவர்கள் உண்டு. கீழ்த்தாடையில் முன்பற்கள் எட்டு. பால்பல் சிறியது, வெள்ளை. நிலைப்பல் அகலம், சற்று மஞ்சள். நடு இரண்டு நிலைப்பல் என்றால் ஏறக்குறைய 2 முதல் 2½ வயது. நாலு பல் என்றால் 3, ஆறு பல் என்றால் 4, எட்டும் சேர்ந்துவிட்டால் 5 வயதை ஒட்டி. அதற்கு மேல் தேய்மானத்தைத்தான் பார்க்க வேண்டும். கொம்பின் வளையங்களையும் எண்ணலாம், ஒவ்வொரு ஈற்றுக்கும் ஒன்று விழும். ஆனால் சந்தைக்கு வரும் முன் கொம்பைச் சீவி எண்ணெய் பூசி, வளையம் தெரியாமல் செய்துவிடுவார்கள். பளபளக்கும் கொம்பைக் கண்டால் பல்லை மட்டும் நம்புங்கள்.

மடி பெரிதாக இருப்பதைப் பார்த்து ஏமாறுவதே புதியவர்களுக்கு அதிகம் நடக்கிறது. ஒருவேளை, இரண்டுவேளை கறக்காமல் நிறுத்திவைத்தால் எந்த மடியும் புடைக்கும். முழுக்கக் கறந்து காலி செய்துவிட்டு, 12 மணி நேரம் கழித்து அடுத்த கறவையைப் பார்ப்பதுதான் சரியான அளவு. முந்தின நாள் மாலையே போய்த் தங்கினால்தான் இது முடியும். முடியாதவர்கள், கறந்தபின் மடி சுருங்கித் தோல் மடிகிறதா என்றாவது தொட்டுப் பாருங்கள். கறந்தபின்னும் கல் போல் இருந்தால் அது பால் அல்ல, வீக்கம். நான்கு காம்பிலும் முதல் பீய்ச்சலைக் கறுப்புத் தட்டில் விடுங்கள். திப்பி திப்பியாகவோ தண்ணீராகவோ வந்தால் மடிநோய்.

கூட நிற்கும் கன்று அதன் கன்றுதானா என்பதையும் பாருங்கள். கன்றை விட்டால் தாய் முகர்ந்து நக்கும். உதைத்தால் யாருடைய கன்றோ வந்து நிற்கிறது. காதில் 12 இலக்க எண் கொண்ட வில்லை இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள், காப்பீட்டுக்கும் தடுப்பூசிப் பதிவுக்கும் அதுதான் அடையாளம்.

பார்த்துக்கொண்டிருக்கும்போது மாடு சாணி போட்டால் நல்ல சகுனம் என்று தரகர் சிரிப்பார். நீங்களும் சிரித்துவிட்டுக் குனிந்து சாணியைப் பாருங்கள். தண்ணீராகக் கழிந்தாலும், சளியோ ரத்தமோ கலந்திருந்தாலும் அது எந்தச் சகுனமாக இருந்தாலும் வேண்டாம்.

சுழி

மாட்டின் மயிர் ஓர் இடத்தில் வட்டமாகச் சுற்றிப் படிந்திருப்பதுதான் சுழி. கரு வளரும்போதே தோலில் மயிர்க்கால்கள் சாயும் திசையால் அமைவது இது, வயதாவதால் இடம் மாறாது. பெரும்பாலான மாடுகளுக்கு நெற்றியிலும் முதுகிலும் ஒன்றாவது இருக்கும். இருக்கும் இடத்தையும் எண்ணிக்கையையும் வைத்து மாட்டின் உடையவருக்கு என்ன நடக்கும் என்று சொல்வதுதான் சுழி சாத்திரம். பழைய மாட்டு வாகட (வைத்திய) ஏடுகளிலும் சுழி இலக்கணம் வருகிறது.

நல்லவை என்று சொல்லப்படுகிறவற்றில் கோபுரச் சுழி, லட்சுமிச் சுழி, தாமணிச் சுழி, இரட்டைக் கவர்ச் சுழி, ஏறுபூரான் ஆகியவை அடிக்கடி காதில் விழும். ஆகாதவற்றின் பட்டியலைப் படித்தால் ஒரு குடும்பத்துக்கு வரக்கூடிய எல்லாத் துன்பமும் அதில் இருக்கும்: இறங்குபூரான், முக்கண் சுழி, விலங்குச் சுழி, பாடைச் சுழி, துடைப்பச் சுழி, பெண்டிழந்தான் சுழி. பெயரே பலனைச் சொல்லிவிடும். விலங்குச் சுழி காலில், விலங்கு பூட்டும் இடத்தில் இருக்கும், உடையவர் சிறைக்குப் போவார் என்பார்கள். பெண்டிழந்தானுக்கு விளக்கம் வேண்டாம்.

புதியவர் கண்டுபிடிக்க எளிதானது பூரான் சுழி. முதுகுத்தண்டின் மேல் மயிர் பூரான் போல நீண்டு படிந்திருக்கும். தலை திமிலை நோக்கி ஏறினால் ஏறுபூரான், செல்வம் ஏறும். வாலை நோக்கி இறங்கினால் இறங்குபூரான், செல்வம் இறங்கும். மற்றவற்றில் ஊருக்கு ஊர் இடமும் பெயரும் மாறும். ஒரு சந்தையில் நல்ல சுழி என்று காட்டப்படுவது எண்பது கிலோமீட்டர் தள்ளி வேறு பெயரில் வேறு பலனோடு நிற்கும். இதை மனதில் வையுங்கள், விலை பேச உதவும்.

பார்க்கும் முறை: மாட்டை வெயிலில் நிறுத்துங்கள். மயிர் ஈரமாக இருந்தால் காயட்டும், குளிப்பாட்டிய மாட்டில் சுழி சரியாகத் தெரியாது. முன்னால் நின்று நெற்றி, பிறகு இடப்பக்கம் கழுத்து, திமில், முதுகு, அப்புறம் பின்னால் வந்து வாலடி, நான்கு கால், கடைசியாக வலப்பக்கம். ஓரிடத்தில் மட்டும் மயிர் மழித்திருந்தாலும், புதிதாகச் சூடு போட்ட தழும்பு இருந்தாலும் நின்று யோசியுங்கள். ஆகாத சுழியை மறைக்க இரண்டும் செய்வதுண்டு. நோய்க்குச் சூடு போட்டது என்று சொன்னால் என்ன நோய் என்று கேளுங்கள். இரண்டு பதிலுமே உங்களுக்கு வேண்டிய தகவல்தான்.

இனி விலைக்கு வருவோம். பாலிலும் வயதிலும் இணையான இரண்டு மாடுகளில் "சுழி சுத்தம்" என்பது கூடுதலாகப் போகும், ஆகாத சுழியுள்ளது குறைந்து போகும். நம்பிக்கை இல்லாதவருக்கு இது நல்ல வாய்ப்பு. சுழி கறவையைக் கூட்டவும் குறைக்கவும் செய்யாது. 1995-இல் அமெரிக்காவில் கால்நடை நடத்தை ஆய்வாளர் டெம்பிள் கிராண்டினும் உடன் ஆய்வு செய்தவர்களும், நெற்றிச் சுழி கண்களுக்கு மேலே அமைந்த மாடுகள் அடைப்பில் நிறுத்தும்போது கூடுதலாகத் துள்ளின என்று கண்டார்கள். மாட்டின் குணத்தோடு சுழிக்குத் தொடர்பு இருக்கலாம் என்பது வரை அது போகிறது. உடையவரின் மனைவி வரை போகவில்லை.

ஆனாலும் வாங்கும் முன் இரண்டு கேள்விக்குப் பதில் வேண்டும். இந்த மாட்டைக் கடைசி வரை வைத்திருப்பீர்களா, இரண்டு ஈற்றில் விற்பீர்களா? விற்பதாக இருந்தால் இன்று குறைத்து வாங்கும் அதே தொகையை அன்று நீங்கள் குறைத்துக் கொடுக்க வேண்டிவரும், லாபம் எதுவும் இல்லை. அடுத்து, வீட்டில் நம்புகிறவர்கள் இருக்கிறார்களா? இருந்தால் வேண்டாம். அடுத்த ஆறு மாதத்தில் மாமனாருக்கு இருமல் வந்தாலும் கோழி செத்தாலும் மாட்டின் மேல்தான் பழி விழும், கடைசியில் அதைப் பாதி விலைக்குத் தள்ளிவிடச் சொல்வார்கள்.

பேரத்தில் இதைப் பயன்படுத்தும் நாகரிகமும் இருக்கிறது. "மாடு ஆகாது" என்று சத்தமாகச் சொல்லக் கூடாது. பக்கத்தில் நிற்பவர் காதில் விழுந்தால் அன்றைக்கு அந்த மாடு விற்காது, விற்கிறவர் உங்களை மன்னிக்கமாட்டார். தரகரிடம் தணிந்த குரலில் "முதுகுல இறங்குதுங்களே" என்று சொன்னால் போதும். விலை துண்டுக்குள் இறங்கும்.

துண்டுக்குள்

தரகர் உங்கள் வலது கையைப் பிடித்து மேலே துண்டைப் போடுவார். உள்ளே விரல்கள்தான் பேசும். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டைச் சேர்த்துப் பிடித்தால் இரண்டு, நான்கு வரை அப்படியே. கை முழுவதும் சேர்த்துப் பிடித்தால் ஐந்து. ஆறு என்றால் முழுக்கையைப் பிடித்து விட்டு, மறுபடி ஒரு விரல். ஏழுக்கு மறுபடி இரண்டு விரல். பிடிப்பது நூறா, ஆயிரமா, பத்தாயிரமா என்பது பிடிக்கும் முன் வாயால் வரும், அல்லது மாட்டைப் பார்த்தாலே தெரியும் என்று விட்டுவிடுவார்கள். 47,000 என்பதை இப்படிப் பிடிப்பார்கள்: பத்தாயிரத்துக்கு நான்கு விரல், ஒரு நொடி விட்டு, ஆயிரத்துக்கு முழுக்கை, மறுபடி இரண்டு விரல். அரைக்கு மட்டும் சந்தைக்குச் சந்தை குறி வேறுபடும். வெட்கப்படாமல் "அரைக்கு எதப் புடிப்பீங்க?" என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

விலை பிடிக்காவிட்டால் விரலை மெல்ல நழுவவிட்டு உங்கள் விலையை நீங்கள் அவர் கையில் பிடித்துக் காட்டுங்கள். முகத்தில் எதுவும் தெரியக் கூடாது. அதற்குத்தானே துண்டு. விலை வெளியே தெரிந்தால் அடுத்த மாட்டுக்கும் அதே விலை கேட்பார்கள் என்பது வியாபாரிக் கணக்கு. இவ்வளவுக்குப் போனது என்று நாலு பேர் வாயில் விழுந்தால் மாட்டுக்குக் கண்பட்டுவிடும் என்பது வீட்டுக் கணக்கு.

புதியவர் நட்டப்படுகிற இடமும் இந்தத் துண்டுதான். தரகர் விற்கிறவரிடம் ஒரு விலையும் உங்களிடம் ஒரு விலையும் பிடித்து, நடுவில் இருப்பதைத் தனக்கு வைத்துக்கொள்ளலாம். இதைத் தடுக்க இரண்டு செய்யுங்கள். தரகுக் காசு எவ்வளவு, யார் தருவது என்று மாட்டைப் பார்க்கும் முன்பே பேசிவிடுங்கள். இருபக்கமும் வாங்குவது பல சந்தைகளில் வழக்கம், அதில் தப்பில்லை. விலை முடிந்ததும் விற்கிறவர் கையை நீங்களே துண்டுக்குள் பிடித்து அதே தொகையைக் காட்டித் தலையாட்ட வையுங்கள். பணம் எப்போதும் உடையவர் கையில்தான் போக வேண்டும், தரகர் வழியாக அல்ல.

"வளர்ப்புக்குங்களா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். அடிமாட்டுக்குப் போகாது என்று தெரிந்தால் ஆயிரமோ ஐந்நூறோ விட்டுக்கொடுக்கிறவர்கள் உண்டு, வீட்டில் வளர்த்த மாட்டைக் கொண்டுவந்த பெண்கள் குறிப்பாக.

அச்சாரம்

விலை படிந்ததும் கையடிப்பார்கள். ஆனால் கையடித்தது மட்டும் போதாது, அச்சாரம் கைமாறினால்தான் மாடு உங்களுடையது. தொகை ஒன்றில் முடிய வேண்டும்: 501, 1,001, 2,001. பூச்சியத்தில் முடிந்தால் கணக்கு முடிந்துபோகும், ஒன்று சேர்ந்தால் தொடரும் என்பது மொய்க்கும் இதற்கும் பொதுவான நம்பிக்கை. நாணயங்களைக் கொண்டுவரச் சொன்னது இதற்காகத்தான். ஒரு ரூபாய்க்கு அலைந்துகொண்டிருக்கும்போது இன்னொருவர் கையடித்துவிட்ட கதைகள் சந்தையில் நிறைய.

கிழக்குப் பார்த்து நின்று, வெற்றிலை பாக்கின் மேல் பணத்தை வைத்து வலது கையால் கொடுங்கள். வாங்குகிறவர் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். இடது கையால் நீட்டினால் அப்படியே நிறுத்திவிடுவார்கள். அச்சாரம் வாங்கியபின் வேறு ஒருவர் கூடுதல் தந்தாலும் கொடுப்பதில்லை. நீங்கள் பின்வாங்கினால் அச்சாரம் போய்விடும். மாட்டைப் பற்றிய வாக்குறுதிகளை, அதாவது எத்தனை லிட்டர், எத்தனையாம் ஈற்று, சினையாக இருந்தால் எத்தனை மாதம் என்பதை, அச்சாரம் கையில் இருக்கும்போதே தரகர் முன்னால் திரும்பச் சொல்லவையுங்கள். பணம் போனபின் கேட்டால் யாரும் நினைவில் வைத்திருக்கமாட்டார்கள். எழுதிக்கொடுங்கள் என்று கேட்டால் சிலர் கோபப்படுவார்கள். செல்போனில் பதிவு செய்துகொள்கிறேன் என்றால் இப்போது பலர் ஒத்துக்கொள்கிறார்கள்.

மீதித் தொகையை எண்ணும்போது முதல் நோட்டை "ஒன்று" என்று சொல்லாமல் "லாபம்" என்று தொடங்கும் பெரியவர்களைப் பார்க்கலாம். நெல் அளக்கும் களத்திலிருந்து வந்த பழக்கம். குறுக்கே பேசி எண்ணிக்கையைக் குலைக்காதீர்கள், லாபத்திலிருந்து மறுபடி தொடங்குவார்.

சந்தைச் சுங்க ரசீதை வாங்கிப் பத்திரமாக வையுங்கள். வண்டியில் ஏற்றிப் போகும்போது மாடு உங்களுடையது என்று காட்ட அதுதான் கையில் இருக்கும்.

கயிறு

பணம் முடிந்ததும் விற்கிறவர் மாட்டின் தலைக்கயிற்றை அவிழ்க்கத் தொடங்குவார். புதியவர்கள் இதைப் பார்த்துக் கஞ்சத்தனம் என்று நினைப்பதுண்டு. மாட்டை விற்கலாம், கயிற்றை விற்கக் கூடாது. கயிறும் போனால் பட்டியில் இருக்கும் லட்சுமியும் கூடவே போய்விடும் என்பது நம்பிக்கை. மூக்கணாங்கயிறு மட்டும் மாட்டோடு வரும்.

ஆகவே உங்கள் புதுக் கயிற்றை முதலில் கட்டுங்கள், அதன்பின் அவர் பழையதை அவிழ்க்கட்டும். வரிசை மாறினால் மாடு ஓடிவிடும். ஆயிரம் பேர் நடமாடும் சந்தையில் கயிறில்லாத மாட்டைப் பிடிப்பது உங்கள் வேலையாகிவிடும். இறுகும் சுருக்கு போடாதீர்கள், கழுத்துக்கும் கயிற்றுக்கும் நடுவே மூன்று விரல் நுழைய வேண்டும். புதுக் கயிறு இல்லாமல் வந்தவருக்குச் சந்தை வாசலிலேயே கயிற்றுக் கடை இருக்கும், விலை அங்கே கூடுதல்தான்.

வீட்டு வாசலில்

மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த ஆரத்தி, நெற்றியில் சந்தனம் குங்குமம், கழுத்தில் கறுப்புக் கயிறும் சங்கும். இதெல்லாம் வழக்கப்படி செய்யலாம். சூடத்தை மட்டும் முகத்துக்கு அருகில் கொண்டுபோக வேண்டாம், புது இடத்தில் மிரண்டு நிற்கும் மாடு அது.

கவனம் தேவைப்படுவது பச்சரிசி வெல்லத்தில்தான். வரவேற்பு என்று ஆளுக்கொரு கை ஊட்டினால் இரண்டு மூன்று கிலோ உள்ளே போய்விடும். அரிசி இரைப்பையில் வேகமாகப் புளித்து அமிலமாகும். மாடு அசைபோடுவதை நிறுத்தும், புளித்த வாடையுடன் தண்ணீராகக் கழியும், படுத்துவிடும். பொங்கலுக்கு மறுநாள் கால்நடை மருந்தகங்களில் கூட்டம் சேர்வது இதனால்தான். ஒரே ஒரு கைப்பிடி அரிசி, நெல்லிக்காயளவு வெல்லம், மீதி ஆசைக்கு அகத்திக்கீரை. தவறி நிறையத் தின்றுவிட்டால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962-க்கு அழையுங்கள்.

புது மாட்டைச் சில நாள் வெளியார் கண்ணில் காட்டக் கூடாது என்று சில வீடுகளில் சொல்வார்கள். இதை அப்படியே கடைப்பிடியுங்கள், மூன்று வாரம் வரை நீட்டியும் கடைப்பிடியுங்கள். சந்தையில் கோமாரி ஒட்டியிருந்தால் வெளியே தெரிய 2 முதல் 14 நாள் ஆகும். அதுவரை உங்கள் மற்ற மாடுகளோடு கட்டவும் கூடாது, ஒரே தொட்டியில் தண்ணீர் காட்டவும் கூடாது. தடுப்பூசி போட்ட நாள் தெரியாவிட்டால் முதல் வாரத்திலேயே கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு நாள் கறவை குறைந்தே இருக்கும். பயணமும் புது இடமும் காரணம். உடனே சுழியைச் சந்தேகிக்காதீர்கள், தண்ணீர் குடிக்கிறதா என்று பாருங்கள்.

பாலை விற்கத் தொடங்கும்போது சில வழக்கங்கள் வரும். முதல் கறவைப் பால் விற்பனைக்கு இல்லை, கோயிலுக்கோ புற்றுக்கோ போகும். ஈன்ற மாட்டின் சீம்பாலைக் காசுக்குக் கொடுக்காமல் பக்கத்து வீடுகளுக்குப் பங்கிடுவார்கள். கன்றுக்கு முதல் சில மணி நேரத்துக்குள் வயிறு நிறையக் கொடுத்தபின் பங்கிடுங்கள், அதற்கு முன் ஒரு டம்ளர்கூட வேண்டாம். விளக்கு வைத்தபின் பாலும் தயிரும் வெளியே கொடுக்காத வீடுகள் இன்னும் இருக்கின்றன. மாலைப் பாலைச் சங்கத்துக்கு ஊற்றுகிறவர்கள் அதற்கேற்பக் கறவையை முன்தள்ளிக்கொள்கிறார்கள்.

நீங்கள் கட்டிக் கொண்டுவந்த கயிறு நைந்தால் மாற்றுங்கள், ஆனால் கொட்டிலில் ஓர் ஆணியில் பழையதை மாட்டிவையுங்கள். இந்த மாட்டை ஒருநாள் விற்க ஓட்டிப்போகும்போது வாங்க வந்தவர் கையில் புதுக் கயிறு இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அந்தப் பழையதைக் கட்டி அனுப்பிவிட்டு, தலைக்கயிற்றை நீங்கள் எடுத்துக்கொண்டு வரலாம்.